பழம்தான் கூலி: கொடிமலையின் தோட்டக்காரர்கள்

பிரியாணி மசாலா டப்பாவைத் திறந்து ஜாதிபத்திரியைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். காய்ந்து, மஞ்சளும் பழுப்புமாக, பிய்ந்த வலை போல இருக்கும். மரத்தில் இருக்கும்போது அதன் அழகே வேறு. ஜாதிப்பழம் பழுத்ததும் இரண்டாகப் பிளக்கும். உள்ளே பளபளவென்று கரும்பழுப்பு நிறத்தில் ஒரு கொட்டை. அதைச் சுற்றி இரத்தச் சிவப்பில் ஒரு வலை. அந்த வலைதான் ஜாதிபத்திரி. அடர்ந்த பச்சை இலைகளுக்கு நடுவே அது தூரத்திலிருந்தே கண்ணைப் பறிக்கும்.

மரம் அந்தச் சிவப்பை நம் பிரியாணிக்காகச் செய்யவில்லை. ஒரு புறாவுக்காகச் செய்தது.

ஜாதிக்காயின் தாயகம் இந்தோனேசியாவின் கிழக்கே இருக்கும் பண்டா தீவுகள். அங்கே பழம் தின்னும் பெரிய புறா இனம் ஒன்று உண்டு. சிவப்பு வலையோடு கொட்டையை அப்படியே முழுதாக விழுங்கிவிடும். வயிற்றுக்குள் ஜாதிபத்திரி மட்டும் செரிக்கும். கொட்டை பெரிது, கடினமானது. அதைப் பறவை சேதமில்லாமல் கக்கிவிடும். அதற்குள் புறா வேறு மரத்துக்கோ வேறு தீவுக்கோ போயிருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பண்டாவுக்குச் சென்ற இயற்கையியலாளர் ஆல்பிரெட் ரசல் வாலஸ், 1869-இல் வெளியான தம் 'மலாய்த் தீவுக்கூட்டம்' நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இந்தப் புறா ஒரு வல்லரசுக்கே தலைவலியாக இருந்தது. 1621-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பண்டாவைப் பிடித்தது. அத்தீவு மக்களில் பெரும்பாலோரைக் கொன்றும் விரட்டியும் ஜாதிக்காய் வியாபாரத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டது. வேறு எங்கும் மரம் முளைக்கக் கூடாது என்பதற்காக ஏற்றுமதிக் கொட்டைகளைச் சுண்ணாம்பில் தோய்த்து அனுப்பினார்கள். பக்கத்துத் தீவுகளில் இருந்த மரங்களைத் தேடித் தேடி வெட்டினார்கள். ஆனால் புறாக்கள் மேலே பறந்து போய் விதைகளைப் போட்டுக்கொண்டே இருந்தன. துப்பாக்கியும் கப்பலும் வைத்திருந்தவர்களால் பறவையின் வயிற்றைக் காவல் காக்க முடியவில்லை.

பினாங்குக்கு ஜாதிக்காயைக் கொண்டுவந்தது புறா அல்ல, கப்பல். 1796-இல் ஆங்கிலேயர் பண்டாவைக் கைப்பற்றிய பிறகு, கம்பெனியின் தாவரவியலாளர் கிறிஸ்டோபர் ஸ்மித் அங்கிருந்து ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளை ஆயிரக்கணக்கில் நம் தீவுக்கு அனுப்பினார். இன்று பாலிக் பூலாவ் பக்கம் போனால் ஜாதிக்காய் ஜூஸும் ஊறுகாயும் கிடைக்கின்றன. புறா சீண்டாத வெளிச்சதையைக்கூட நாம் விடுவதில்லை!

இந்தக் கதையை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மழைக்காடு எப்படி நடக்கிறது என்பதன் சூத்திரம் முழுவதும் அந்தச் சிவப்பு வலைக்குள் இருக்கிறது. மரத்தால் நடக்க முடியாது. பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்ப அதற்குச் சுமைதூக்கி வேண்டும். சுமைதூக்கிக்குக் கூலி வேண்டும். பழம்தான் கூலி. வெப்பமண்டல மழைக்காடுகளில் 100 மரவகைகளை எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய 70 முதல் 90 வகைகள் இப்படி விலங்குகளையும் பறவைகளையும் நம்பியே விதையை அனுப்புகின்றன.

நம் ஜோர்ஜ்டவுனுக்குப் பின்னால் பச்சையாக நிற்கிறதே கொடிமலை, அந்தக் காட்டுக்கும் இதே கணக்குதான். அங்கே யார் வேலை செய்கிறார்கள், அவர்கள் வேலையை நாம் எப்படிக் கெடுக்கிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

தாய்மரத்தின் நிழல் ஆகாது

விதை அப்படியே கீழே விழுந்து முளைத்தால் என்ன குறை? இந்தக் கேள்விக்கு 1970-இல் அமெரிக்க உயிரியலாளர் டேனியல் ஜான்சனும், 1971-இல் ஜோசப் கானலும் தனித்தனியாக ஒரே மாதிரியான பதிலைச் சொன்னார்கள்.

ஒரு மரத்தின் விதையையும் கன்றையும் தின்னும் பூச்சிகள், தாக்கும் பூஞ்சைகள் எல்லாம் அந்த மரத்தைச் சுற்றித்தான் கூட்டமாக இருக்கும். தாய்மரத்தின் காலடியில் ஆயிரம் விதை விழுந்தால் அது அவற்றுக்கு விருந்து. எலியும் வண்டும் வந்து தின்றது போக மிஞ்சி முளைப்பதை நோய் கொண்டுபோகும். அதிலும் தப்பியதற்கு வெயில் கிடைக்காது. ஐம்பது மீட்டர், நூறு மீட்டர் தள்ளி விழுந்த ஒற்றை விதைக்குத்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. எதிரிகளுக்கு அதன் முகவரி தெரியாது.

மழைக்காட்டில் ஒரே வகை மரங்கள் தோப்பாக நிற்காமல், ஒன்று இங்கே, இன்னொன்று எங்கோ என்று கலந்து நிற்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். ஒரு ஏக்கரில் நூற்றுக்கும் மேற்பட்ட மரவகைகள் நிற்கும் அதிசயத்துக்குப் பின்னால், விதையைத் தள்ளிக்கொண்டுபோய்ப் போட்ட வாயும் வயிறும் இருக்கின்றன.

ரப்பர் ரிட்லியின் இன்னொரு புத்தகம்

நம் குடும்பங்களில் பலவற்றின் கதை பால்மரத்தில் தொடங்கும். என் தாத்தாவும் கெடாவில் பால் வெட்டியவர்தான். மலாயாவில் ரப்பர் பயிரைப் பரப்பியவர், மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தவர் ஹென்றி ரிட்லி. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்தவர். தோட்டக்காரர்கள் பையில் ரப்பர் விதைகளைத் திணிப்பார் என்பதால் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் வாங்கியவர். 1855-இல் பிறந்து 1956 வரை, நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார்.

அதே ரிட்லிதான் 1930-இல், உலகெங்கும் தாவரங்கள் எப்படிப் பரவுகின்றன என்று எழுநூறு பக்கங்களுக்கு மேல் ஒரு பெரிய நூலை எழுதினார். மலாயாக் காடுகளில் அவர் கண்ணால் பார்த்தவை அதில் நிறைய உண்டு. எந்தப் பறவை எந்தப் பழத்தைத் தின்றது, எந்த விதை யானைச் சாணத்தில் முளைத்திருந்தது என்றெல்லாம் குறித்து வைத்தவர் அவர்.

எல்லா மரமும் கூலி கொடுப்பதில்லை. பால்மரத்தின் காய் வெயிலில் காய்ந்து 'டப்' என்று வெடித்து விதையைச் சில மீட்டர் வீசி எறியும். எஸ்டேட்டில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டால், அந்தச் சத்தத்தையும் ரப்பர் கொட்டையைத் தரையில் தேய்த்துச் சூடு வைத்து விளையாடியதையும் சொல்வார்கள். மெராந்தி, கெருயிங் போன்ற நம் பெரிய காட்டு மரங்கள் விதைக்கு இறக்கை வைத்து அனுப்பும். பம்பரம் போலச் சுழன்று இறங்கும். ஆனால் காட்டுக்குள் காற்று குறைவு. பெரும்பாலானவை தாய்மரத்துக்குப் பக்கத்திலேயே விழுந்துவிடும். அதனால் அவை பல வருடங்களுக்கு ஒருமுறை, காடு முழுக்க ஒரே சமயத்தில் கொட்டோ கொட்டென்று கொட்டும். தின்பவை தின்று தீர்க்க முடியாத அளவுக்குக் கொட்டினால் கொஞ்சம் மிஞ்சும் அல்லவா? அது அவற்றின் தந்திரம். மற்றபடி ஆல், அத்தி, ஜாதி இனங்கள், ரம்புத்தான், மங்குஸ்தீன், டுரியான் எல்லாம் கூலி கொடுக்கும் கூட்டம்.

கொடிமலையில் யார் யார் வேலையில்?

கொடிமலையும் அதைச் சுற்றிய காடுகளும் 2021 செப்டம்பர் 15-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. மலேசியாவில் இது மூன்றாவது. தாசேக் சினியும் குரோக்கர் மலைத்தொடரும் அதற்கு முந்தியவை. 1884-இல் சார்ல்ஸ் கர்டிஸ் உருவாக்கிய தாவரவியல் பூங்கா, தெலுக் பகாங் பக்கத்துத் தேசியப் பூங்கா எல்லாம் இதற்குள் அடக்கம்.

தீவகற்பத்தின் பெரிய காடுகளோடு ஒப்பிட்டால் நம் தீவில் ஒரு குறை. இங்கே காட்டு யானை இல்லை. விதை சுமப்பதில் யானைதான் பெரிய லாரி. பெரிய பழங்களை விழுங்கி, ஒரு நாள், இரண்டு நாள் கழித்துப் பல கிலோமீட்டர் தள்ளி, எருவோடு சேர்த்து விதையைப் போடும். அதே அளவு பெரிய விலங்காக இருந்தால் போதுமா என்றால் போதாது. அகிம்சா காம்போஸ்-ஆர்சைஸ் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், தப்பிர் பெரிய விதைகளில் பெரும்பாலானவற்றைத் துப்பியோ மென்றோ விடுகிறது, யானையின் இடத்தை அதனால் நிரப்ப முடியாது என்று காட்டினார்கள்.

ஆகவே பினாங்குத் தீவில் வேலை முழுவதும் சின்ன ஆட்களின் தலையில். அவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். பாதிப் பேரை விரட்டுகிறோம்.

முதலில் குரங்கு. தண்ணீர்மலைக்கும் பூங்காவுக்கும் போகிறவர்களுக்கு நீண்டவால் குரங்கை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மலாய்க்காரர்கள் 'கெரா' என்பார்கள். கன்னத்துக்குள் இரண்டு பை வைத்திருக்கும். மரத்தில் அவசரமாகப் பழத்தைப் பறித்து அந்தப் பைகளில் அடைத்துக்கொண்டு, வேறு இடத்துக்குப் போய் உட்கார்ந்து நிதானமாகத் தின்னும். சிங்கப்பூரில் இந்தக் குரங்குகளைப் பின்தொடர்ந்த ரிச்சர்ட் கார்லெட்டும் பீட்டர் லூக்காஸும் 1990-இல் ஒரு சுவாரசியமான கணக்கைச் சொன்னார்கள். மூன்று, நான்கு மில்லிமீட்டருக்கு மேல் அகலமான விதை என்றால் குரங்கு சதையைச் சுத்தமாக உறிஞ்சிவிட்டுத் துப்பிவிடும். அதைவிடச் சின்ன விதை என்றால் விழுங்கிவிடும். அது பிறகு எச்சத்தோடு வரும். ஆக, துப்பினாலும் நடவு, விழுங்கினாலும் நடவு.

அடுத்தது இரவுப் பணியாளர் மரநாய். 'மூசாங்' என்றால் எல்லோருக்கும் டுரியான் ஞாபகம்தான் வரும். வீட்டுக் கூரைக்குள் சத்தம் போடும். கோழிக்கூண்டைப் பார்க்கும் என்று அதற்குக் கெட்ட பெயர். ஆனால் அது பழப் பிரியன். சபாவின் தாபின் காட்டில் ஜப்பானிய ஆய்வாளர் நாகஷிமாவும் குழுவினரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், மரநாய் எச்சம் போடும் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது என்று கண்டார்கள். மரம் சாய்ந்து வெயில் விழும் திறப்பு, பழைய பாதை போன்ற வெளிச்சமான இடங்களையே அது விரும்புகிறது. அவர்கள் கவனித்த செடியின் விதைகளைப் பொறுத்தவரை, குரங்கு கண்ட இடத்தில் போட்டவற்றைவிட மரநாய் போட்டவை அதிகம் பிழைத்தன.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் பழுப்பு மரநாய். களக்காடு முண்டந்துறைக் காட்டில் அதைப் பல காலம் ஆராய்ந்தவர் திவ்யா முதப்பா. 'ஊனுண்ணி' வரிசையில் பிறந்த அந்த விலங்கின் உணவில் பெரும்பகுதி பழம்தான் என்று அவர் ஆய்வு காட்டியது.

மூன்றாவது வௌவால். பழைய கடைவீடுகளின் அஞ்சடியில் நடக்கும்போது, கூரை மூலையில் நாலைந்து பழந்தின்னி வௌவால்கள் தொங்குவதைப் பார்க்கலாம். கீழே எச்சமும் மென்று துப்பிய சக்கையும். கடைக்காரருக்குக் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அத்திப்பழத்தையோ கம்போங் செரியையோ தின்ற வௌவாலின் வயிற்றில் அந்தப் பொடி விதைகள் அரை மணி நேரம்கூடத் தங்குவதில்லை. பறக்கும்போதே கழித்துவிடும். பறவைகள் பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்து கழிக்கும். வௌவால் வெட்டவெளியின் மேல் பறந்துகொண்டே விதைக்கும். மொட்டையான நிலத்துக்கு முதல் விதைகள் வந்து சேர்வதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. வௌவாலுக்கு இன்னொரு உத்தியோகமும் இருக்கிறது. டுரியான் இரவில் பூக்கும். மகரந்தம் சேர்ப்பது வௌவால். தியோமான் தீவில் சீமா அப்துல் அசீஸும் குழுவினரும் கேமரா வைத்துப் பார்த்து, 'கெலுவாங்' என்னும் பெரிய வௌவால் பூவைக் கெடுக்காமல் தேன் குடித்து மகரந்தம் சேர்ப்பதை 2017-இல் உறுதி செய்தார்கள்.

பறவைகளைச் சொல்லி மாளாது. மலேசியாவில் பத்து வகை இருவாச்சிகள் உண்டு. பெரிய விதையை விழுங்கித் தூரமாகக் கொண்டுபோய்க் கக்கும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. நம் காட்டில் ஜாதிக்காயின் உறவு மரங்கள் பல இருக்கின்றன. மலாயில் 'பெனாராகான்' என்பார்கள். அவற்றின் சிவப்புச் சதைக்கு இருவாச்சியும் பெரிய காட்டுப் புறாவும் வாடிக்கையாளர்கள். கட்டைவிரல் அளவே உள்ள மலர்கொத்திக் குருவி புல்லுருவியின் பழத்தைத் தின்னும். அந்த விதையில் பசை இருக்கும், பின்புறம் ஒட்டிக்கொள்ளும். குருவி கிளையில் உடம்பைத் தேய்த்துத் துடைத்தால்தான் விடும். புல்லுருவிக்கு வேண்டியதும் அதுதான்; மண்ணில் விழுந்தால் அதற்குப் பிழைப்பில்லை, கிளையில்தான் முளைக்க வேண்டும்.

தின்பவர்கள் எல்லோரும் நல்ல வேலைக்காரர்கள் என்றும் நினைத்துவிடக் கூடாது. நகரத்து மரங்களில் கூட்டமாக வந்து இறங்கும் பச்சைப்புறாவின் அரைப்பை அம்மி மாதிரி. அத்தி விதைகளை அரைத்துவிடும். பகாங் காட்டில் ஆராய்ந்த பிராங்க் லாம்பெர்ட் 1989-இலேயே இதைச் சொன்னார். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள 'லோத்தோங்' குரங்கு பெரும்பாலும் இலை தின்னி. விதையையும் மென்று செரிக்கக்கூடியது. கூலியை வாங்கிக்கொண்டு வேலை செய்யாதவர்கள் எங்கும் உண்டு!

பச்சையாக நிற்கும், ஆனால்...

இவர்கள் எல்லோரும் போய்விட்டால் என்ன ஆகும்? நாளைக் காலையில் ஒன்றும் ஆகாது. காடு பச்சையாகத்தான் இருக்கும். அதுதான் ஆபத்து. 1992-இல் கென்ட் ரெட்போர்ட் என்ற ஆய்வாளர் இதற்கு 'வெறுங்காடு' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். மரம் நிற்கும், விலங்கு இருக்காது.

அப்படி ஒரு காட்டைப் பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சரவாக்கில் மீரிக்குப் பக்கத்தில் லம்பீர் மலைத் தேசியப் பூங்கா இருக்கிறது. அதில் 52 ஹெக்டேர் பரப்பில், விரல் தடிமன் கன்று வரை ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு ஆண்டுக்கணக்கில் அளந்து வருகிறார்கள். ஏறத்தாழ 1,200 மரவகைகள். உலகிலேயே மரவகை மிகுந்த காடுகளில் ஒன்று. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட காடு. மரம் வெட்டப்படவில்லை. ஆனால் வேட்டையால் இருவாச்சிகளும் வாலில்லாக் குரங்குகளும் பெரிய வௌவால்களும் கிட்டத்தட்ட இல்லாமல் போயின.

ரெட் ஹாரிசனும் சக ஆய்வாளர்களும் பதினைந்து ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். கன்றுகளின் எண்ணிக்கை குறையவில்லை, கூடியிருந்தது. ஆனால் கன்றுகள் தாய்மரங்களைச் சுற்றி முன்பைவிட நெருக்கமாகக் கும்பல் கூடியிருந்தன. விலங்குகளை நம்பிய மரங்களில்தான் இந்தக் கும்பல் அதிகம். மொத்தத்தில் மரவகைகளின் பன்மை சரியத் தொடங்கியிருந்தது. மேலிருந்து படம் எடுத்தால் ஒரு குறையும் தெரியாது. கீழே, அடுத்த தலைமுறை மாறிக்கொண்டிருக்கிறது.

பினாங்குவாசிக்கு இது ஏதோ தூரத்துச் செய்தி அல்ல. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பெய்த பெருமழையையும் வெள்ளத்தையும் நாம் மறந்திருக்க மாட்டோம். மலைச்சரிவு சரிந்தால் அந்தச் சிவப்பு மண்ணுக்கு முதலில் விதை கொண்டுவருபவை குருவிகளும் வௌவால்களும்தான். அந்தச் சரிவுகளில் வேர் பிடித்து நிற்கும் காடுதான் மண்ணைப் பிடித்திருக்கிறது. ஆயர் ஈத்தாம் அணைக்கும் பூங்கா அருவிக்கும் தண்ணீரை மெதுவாக விடுகிறது. அந்தக் காட்டில் தினம் ஒரு மரம் எங்காவது சாயும். அதன் இடத்தில் எது வளரப்போகிறது என்பதை முடிவு செய்பவர் வனத்துறை அதிகாரி அல்ல, அந்தப் பக்கமாகப் போகும் குரங்கும் மரநாயும்தான்.

ஒரு சீப்பு வாழைப்பழம்

நம் வீட்டுப் பழக்கம் ஒன்று இங்கே குறுக்கே வருகிறது.

தாவரவியல் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நடப்பது என் வழக்கம். குரங்குகளுக்கு உணவு கொடுக்காதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே காரை நிறுத்தி, குழந்தையின் கையில் வாழைப்பழத்தையும் ரொட்டியையும் கொடுத்து நீட்டச் சொல்லும் குடும்பங்களை நான் பார்க்கிறேன். நம்மவர்களும் அதில் உண்டு. கெட்ட எண்ணம் இல்லை. வாயில்லாச் சீவனுக்குப் போட்டால் புண்ணியம், அனுமார் வம்சம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம்.

ஆனால் அந்த வாழைப்பழம் என்ன செய்கிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். மேற்கு வங்காளத்தின் பக்ஸா புலிகள் காப்பகத்தில் அஸ்மிதா சென்குப்தா, கிம் மெக்கான்கி, சிந்து ராதாகிருஷ்ணா மூவரும் செய்த ஆய்வு 2015-இல் வெளியானது. அங்கே சாலையோரத்தில் மக்கள் உணவு போடும் செங்குரங்குகளைப் பின்தொடர்ந்தார்கள். உணவு கிடைத்த காலத்தில் குரங்குகள் காட்டுக்குள் அலைவது குறைந்தது. காட்டுப்பழம் தின்பது குறைந்தது. சுமந்த விதைகளின் எண்ணிக்கை குறைந்தது. சுமந்த தூரமும் குறைந்தது. கடைசியில் அந்த விதைகளில் பல எங்கே விழுந்தன தெரியுமா? தார்ச்சாலையில்.

கூலியை வீட்டு வாசலிலேயே கொடுத்துவிட்டால் வேலைக்கு யார் போவார்கள்? அந்தக் குரங்கு சோம்பேறி ஆகிவிட்டது என்று திட்டுகிறோம். பையைப் பிடுங்குகிறது என்று புகார் கொடுக்கிறோம். ஒரு தோட்டக்காரனுக்குச் சும்மா இருக்கச் சம்பளம் கொடுத்துவிட்டு, பிறகு அவன் திருடுகிறான் என்று பிடித்துக் கொடுப்பது போன்றது இது. சாலையோரம் உட்காரப் பழகிய குரங்கு வண்டியில் அடிபடும். தொல்லை என்று கூண்டு வைத்துப் பிடிக்கவும் படும். புண்ணியம் என்று நினைத்துச் செய்தது அதற்குப் பாவமாக முடிகிறது. யானை இல்லாத, பெரிய விலங்குகள் குறைந்த ஒரு தீவில், குரங்கும் வேலையை விட்டுவிட்டால் அடுத்த ஆளுக்கு எங்கே போவது?

பாலம் கட்டியவர்களும் கன்று நட்டவர்களும்

நல்ல செய்தியும் உண்டு. தெலுக் பகாங் சாலையில் 2019 பிப்ரவரியில் ஒரு பாலம் கட்டினார்கள். மனிதருக்கு அல்ல, மரம் தாவுபவர்களுக்கு. தீயணைப்பு வண்டிகளில் பயன்படுத்தித் தள்ளிய குழாய்களைக் கொண்டு, சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் இணைத்தார்கள். யாப் ஜோ லீன் தொடங்கிய 'லங்கூர் புராஜெக்ட் பினாங்' குழுவினரின் முயற்சி அது. லோத்தோங்குகளுக்காகக் கட்டியது, நீண்டவால் குரங்கும் அணிலும்கூட அதில் போகின்றன. சாலை பிரித்த காட்டை ஒரு குழாய் சேர்க்கிறது. விதைகளும் அந்த வழியே கடக்கும்.

தமிழ்நாட்டில் வால்பாறையிலும் இதே போன்ற காட்சி. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக மிஞ்சிய மழைக்காடுகள். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்க மேலே பாலங்கள் இருக்கின்றன. அங்கே இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த திவ்யா முதப்பா, சங்கர் ராமன் ஆகியோர் தோட்ட நிறுவனங்களோடு பேசி, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நாட்டு மரக்கன்றுகளை நட்டு அந்தத் துண்டுகளைச் சீர்செய்து வருகிறார்கள். களையெடுத்து, குழி தோண்டி, ஒவ்வொரு கன்றாக வைத்துக் காப்பாற்றும் கடுமையான உழைப்பு. அதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: மனிதர்கள் இவ்வளவு பாடுபட்டுச் செய்வதை ஓர் இருவாச்சியும் ஒரு மரநாயும் பேசாமல் செய்துவிட்டுப் போகின்றன, நாம் விட்டால்.

நம் பங்குக்கு என்ன?

பெரிதாக ஒன்றும் வேண்டாம். தண்ணீர்மலைக்கோ பூங்காவுக்கோ கொடிமலைக்கோ போகும்போது உணவுப் பையை மூடி வையுங்கள். குரங்குக்கு எதையும் நீட்டாதீர்கள். பிள்ளைகளிடம் 'போடாதே' என்று மட்டும் சொல்லாமல், ஏன் என்பதையும் சொல்லுங்கள். அதற்கு வேலை இருக்கிறது என்று சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

கூரையில் மரநாய் சத்தம் போட்டால் விஷம் வைக்காதீர்கள். அது வெளியே போன இரவில் ஓட்டையை அடைத்தால் போதும். ஆனால் குட்டிகள் உள்ளே இல்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அஞ்சடியில் வௌவால் தொங்கினால் கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, காலையில் சுருட்டி எறிந்துவிடலாம். வீட்டில் மண் இருந்தால் ஒரு செரி மரமோ ஜம்பு மரமோ வையுங்கள். எல்லாப் பழத்தையும் பறித்துவிடாமல் உச்சிக் கிளையில் கொஞ்சம் விட்டுவையுங்கள்.

மலைப்பாதையில் பிள்ளைகளோடு நடக்கும்போது பாதையோரத்தில் மரநாயின் எச்சம் கிடந்தால் முகம் சுளித்துத் தாண்டிப் போகாதீர்கள். தொடாமல், குனிந்து பாருங்கள். விதைகள் தெரியும். எத்தனை என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். எந்த மரம், எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். அண்ணாந்து பார்த்தால் பக்கத்தில் அந்த மரம் இருக்காது. விதை அவ்வளவு தூரம் வந்து சேர்ந்திருக்கிறது என்று அப்போது அவர்களுக்கே தெரியும்.